குடிகாரியின் ஸ்டோக்கர்

“போர்ல நீங்க எத்தனை கப்பல மூழ்கடிச்சீங்க?” என்று யார் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்.

“ஒண்ணு.”

கேட்டவர் முகம் மலரும். “எந்தக் கப்பல்?”

“எங்களோடது.”

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கமாட்டார். மற்றவர்கள் சிரித்தால், அவர்கள் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். அடுத்த கேள்விக்கும் இப்படித்தான் பதில் வரும். கேட்டதற்கு மட்டும், நடந்தது மட்டும்.

சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் அவர் நான்காவது மாடி, நாங்கள் ஆறாவது மாடி. நாகூர்ப் பக்கத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் கடற்படையில் சேர்ந்து, போர் முடிந்ததும் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தவர். பிறகு நாற்பது வருடம் ஃபெர்ரியின் எஞ்சின் அறையில் வேலை. நாற்பது என்று நான் சொல்வதைக் கேட்டால், “முப்பத்தெட்டு” என்று திருத்துவார். மனைவி காலமாகிவிட்டார். மகள் ஜுருவில் குடும்பத்தோடு இருந்தார், வாரம் ஒருமுறை வந்து மீன் ஆணம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். மற்றவர்களுக்கு அவர் ஸ்டோக்கர்.

ஸ்டோக்கர் என்றால் கப்பல் கொதிகலனில் நிலக்கரி அள்ளிப் போடுகிறவர். அவர் வேலை பார்த்த படகிலோ நிலக்கரியே கிடையாது. அது பெட்ரோலில் ஓடியது. கடற்படைப் பதிவில் அந்த வேலைக்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை போலும். “ரெண்டு வருஷம் எட்டு மாசம் ஸ்டோக்கரா இருந்தேன். ஒரு துண்டு கரியக் கையால தொட்டதில்ல” என்பார்.

அது ஒரு டார்பிடோ படகு. டார்பிடோ என்பது தண்ணீருக்கடியில் தானாக ஓடிப்போய் எதிரிக் கப்பலின் வயிற்றில் மோதி வெடிக்கிற, ஆள் நீளத்துக்கு மூன்று மடங்கு நீளமான குண்டு. அப்படி இரண்டு குண்டுகளைச் சுமந்துகொண்டு, பெரிய கப்பலுக்கு அருகில் வேகமாகப் போய், எய்துவிட்டு, அதைவிட வேகமாகத் திரும்பி ஓடிவர வேண்டிய சிறிய மரப்படகு அது. அதற்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மூன்று எஞ்சின்களும் பெட்ரோலைக் குடித்த குடியைப் பார்த்துவிட்டு, அதிலிருந்த தமிழ் ஆட்கள் அதற்குக் குடிகாரி என்று பெயர் வைத்தார்கள்.

பெட்ரோல் ஆவி தேங்கிய அறையில் ஒரு பொறி பறந்தால் போதும், படகே இருக்காது. அதனால் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வாசலில் நின்று இரண்டு முறை மூக்கை உறிஞ்சுவார். அதன்பிறகுதான் சலாம். புதிதாகக் குடிவந்தவர்கள் தங்கள் வீடு நாறுகிறது என்று சொல்கிறாராக்கும் என வருத்தப்பட்டார்கள். சில வீடுகளில் அது உண்மையும்தான். கேட்டால் சொல்லிவிடுவார்.

இன்னொரு பழக்கம், இயந்திரம் எதுவானாலும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. எங்கள் லிஃப்டில் ஏறியதும் சுவரில் கை வைப்பார். “இது நாளைக்கு நிக்கும்” என்பார். நிற்கும். அடுக்குமாடியில் இருந்தவர்கள் லிஃப்டைப் பழுது பார்க்கும் ஆளிடம் புகார் செய்வதை விட்டுவிட்டு, இவர்மேல் புகார் செய்தார்கள். கூட்டம் போட்டு, அவர் லிஃப்டில் கை வைக்கக் கூடாது என்று தீர்மானம்கூடப் போட்டார்கள். அவரும் ஒத்துக்கொண்டார். அதன்பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, காதால் கேட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

என் கல்யாணப் பேச்சின்போதும் லிஃப்ட் நின்றிருந்தது. பைராம் தோட்டத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் படியேறினார்கள். நான்காவது மாடியில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மாமா நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு அந்த அம்மா மெதுவாக விசாரித்தார்கள்.

“மேல் வீட்டுப் பொண்ணு எப்படிங்க?”

“நல்ல புள்ள. கோவம் வரும். வந்தா அரை மணி நேரம் யாரோடயும் பேசாது. சமைக்கத் தெரியாது. தெரியும்னு அவங்க அம்மா சொல்லுவாங்க, நம்பாதீங்க.”

என் அம்மாவுக்கு இது தெரியவந்தபோது, மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் கல்யாணம் நடந்தது. பல வருடம் கழித்து என் மாமியார் காரணம் சொன்னார்கள். “பத்து வீட்டுல பொண்ணு பார்த்தோம்மா. பத்து வீட்டுலயும் பொண்ணுக்கு எல்லாம் தெரியும்னாங்க. அந்தப் பெரியவரு ஒருத்தருதான் தெரியாதுன்னாரு. அதனாலதான் அவரு ‘நல்ல புள்ள’ன்னு சொன்னதையும் நம்புனோம்.”

கல்யாணத்துக்கு முன்பு நான் ஜெலுத்தோங் கடலோரத்தில் ஒரு தனியார் போர்க் காட்சியகத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தேன். கைத்தொலைபேசியில் கேமரா வந்திருந்த புதிது. என் முதலாளி அதற்குமுன் ஜுருவில் பழைய கார் விற்றவர். யாரோ தலையில் கட்டிய ஒரு மரப்படகை வாங்கி, கரையில் ஏற்றி, சாம்பல் நிறம் பூசி, இருபுறமும் சாக்கடைக்குப் போடுகிற தடித்த பிளாஸ்டிக் குழாயைப் பக்கத்துக்கு ஒன்றாக டார்பிடோ மாதிரி பொருத்தி, அது உண்மையான டார்பிடோ படகு என்று பலகை மாட்டியிருந்தார். படகைப் பற்றிப் பேசும்போதும் கார் விற்ற வாய் மாறவில்லை. “ஒரே ஓனர், நல்லா மெய்ண்டேன் பண்ணது” என்று வெள்ளைக்காரர்களிடம் சொல்வார்.

எங்கள் அடுக்குமாடியில் உண்மையான டார்பிடோ படகுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று வாய் தவறி நான்தான் அவரிடம் சொன்னேன். மறுநாளே முதலாளி காரை எடுத்துக்கொண்டு வந்து மாமாவை அழைத்துப்போனார். மாமா படகைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மூக்கை உறிஞ்சினார். மரத்தில் கை வைத்தார்.

“இது முட்டைக்கோஸ் ஏத்துன படகு” என்றார்.

முதலாளி அசரவில்லை. “இருக்கட்டும் அங்கிள். நீங்க கேப்டன் சட்டை போட்டு ஒக்காந்தா போதும் லா. பாக்க வர்ற ஆளுங்க கத கேப்பாங்க.”

“நான் கேப்டன் இல்ல. ஸ்டோக்கர்.”

“சரி, ஸ்டோக்கர் சட்டை.”

“ஸ்டோக்கர் சட்ட போடமாட்டான். எஞ்சின் ரூம்ல சூடு.”

கடைசியில் அவர் ஒரு நிபந்தனையோடு வேலைக்கு ஒத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை போடுவார், ஆனால் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்வார். முதலாளி தலையாட்டினார். தலையாட்டியதோடு, மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட குடிகாரியின் எண்ணை, மாமா வேண்டாம் என்று சொல்லியும், முட்டைக்கோஸ் படகின் மூக்கில் பெரிதாக எழுதிவிட்டார். துண்டுப் பிரசுரத்திலும் போட்டார். பலகையில் ‘மூழ்கடித்த எதிரிக் கப்பல்கள்: 3’ என்றும் எழுதினார்.

மறுநாள் காலை அந்த 3 என்ற எண் 0 ஆகியிருந்தது. முதலாளி அதை மீண்டும் 3 ஆக்கினார். அடுத்த நாள் மறுபடியும் 0. ஒரு மாதம் இப்படியே போனது. எழுதி அழித்து எழுதி அழித்து, அந்த இடத்தில் சாயம் திண்டு மாதிரி மேடு தட்டிவிட்டது. கடைசியில் உடன்பாடு செய்துகொண்டார்கள். பலகையில் 3 இருக்கும், பலகைக்குப் பக்கத்தில் மாமா இருப்பார்.

அதனால் எங்கள் காட்சியகத்துக்கு வந்தவர்கள் பலகையில் ஒன்றைப் படித்துவிட்டு, மாமாவிடம் வேறொன்றைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவரிடம் கேட்டதைத்தான் ஊரில் போய்ச் சொன்னார்கள் போல. கூட்டம் கூடியது.

அதிகம் கேட்கப்பட்டது சேற்றுக் கதை. பர்மாவின் அரக்கான் கரையில், அலையாத்திக் காடுகளுக்கு நடுவே ஓடும் ஓடை ஒன்றில், எதிரிப் படகைப் பிடிப்பதற்காகக் குடிகாரி பதுங்கி நின்றாள். யாரும் கடல் வற்றும் நேரத்தைப் பார்க்கவில்லை.

“தண்ணி வத்திடுச்சு. எங்க படகு சேத்துல ஒக்காந்து சாஞ்சிடுச்சு. எதிர்க்கரையில பாத்தா அவங்க படகும் சேத்துல. அதுவும் எங்களப் பிடிக்கப் பதுங்குனதுதான். அதுவும் சாஞ்சிடுச்சு. எங்க பீரங்கி வானத்தப் பாக்குது, அவங்க பீரங்கி சேத்தப் பாக்குது.”

“கைத்துப்பாக்கி, ரைபிள் எதுவும் இல்லையா?” என்று யாராவது கேட்பார்கள்.

“இருந்துச்சு. அந்தப் பெட்டி சாஞ்ச பக்கம், சேத்துக்குள்ள. அவங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கணும். அது எனக்குத் தெரியாது.”

“அப்புறம்?”

“ஆறு மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தோம். அவங்கள்ல ஒருத்தன் துணி தொவச்சுக் காயப் போட்டான். அதப் பாத்துட்டு நம்ம சமையல்காரனும் தொவச்சான். தண்ணி ஏறுச்சு. ரெண்டு படகும் ஒரே நேரத்துல மெதந்துச்சு. அவங்க வடக்க போனாங்க, நாங்க தெக்க போனோம்.”

“ஏன் சுடல?”

“அவங்க ஏன் சுடலன்னு அவங்களத்தான் கேக்கணும். எங்க கேப்டன் சொன்னாரு, இவ்ளோ நேரம் பாத்துட்டு இப்பச் சுட்டா மரியாதையா இருக்காதுன்னு.”

அந்தக் கேப்டனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஸ்காட்லாந்துக்காரர். படகில் இருந்த பதினோரு பேரில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். மாமாவைவிட இரண்டு வயது பெரியவர் அவர். மாமா அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் சற்று நிதானப்படும். “நல்ல மனுசன். வழி தெரியாது. ஆனா தெரியாதுன்னு ஒத்துக்குவாரு.”

குளியல்தொட்டிக் கதையும் உண்டு. ஓர் ஆற்றின் மேற்பகுதியில் முகாம் போட்டிருந்த ஒரு தரைப்படை ஜெனரலுக்கு அவருடைய பீங்கான் குளியல்தொட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி குடிகாரிக்குக் கட்டளை வந்தது. போகும் வழியில் எதிரி விமானம் ஒன்று தாழப் பறந்து சுட்டது. படகில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, தொட்டியில் மட்டும் நான்கு ஓட்டை. ஜெனரல் புகார் எழுதினார். விசாரணைக் குழு வந்தது. தொட்டியைக் காப்பாற்ற நீ என்ன செய்தாய் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். “நான் எஞ்சின் ரூம்ல இருந்தேன், தொட்டிய நான் பாக்கவே இல்லன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க.”

இனி, அவர் மூழ்கடித்த அந்த ஒரு கப்பல்.

பெரிய அதிகாரி ஒருவர் படகைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. எஞ்சினுக்குக் கீழே தேங்கியிருந்த எண்ணெய்த் தண்ணீர் நாறியது. மாமா அடித்தளத்தில் இருந்த அடைப்பானைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டார். கொஞ்சம் அலசிவிட்டு மூடிவிடலாம் என்பது எண்ணம். அதற்குள் எல்லாரும் மேலே வரிசையில் நிற்க வேண்டும் என்று குரல் வந்துவிட்டது. ஓடிப்போய் நின்றார். அடைப்பான் திறந்தபடி கிடந்தது.

“அதிகாரி ஒவ்வொருத்தரா பாத்துக்கிட்டு வர்றாரு. படகு மெதுவா எறங்குது. எனக்குத் தெரியுது. ஆனா அட்டென்ஷன்ல நிக்குறப்போ வாயத் தொறக்கக் கூடாது. துறைமேடை எங்க கண்ணுக்கு மேல போவுது. அதிகாரி சப்பாத்து நனஞ்சிடுச்சு. அவரும் குனிஞ்சு பாக்கல. குனிஞ்சா மரியாதக் கொறவுன்னு நெனச்சாரோ என்னவோ. முழங்காலு வரைக்கும் தண்ணி வந்தப்புறந்தான், ‘ரொம்பக் கட்டுப்பாடான ஆளுங்க’ன்னு சொல்லிட்டு எறங்குனாரு. எறங்கல. நீந்துனாரு.”

ஆழமில்லாத துறை என்பதால் இரண்டு நாளில் படகை மேலே எடுத்துவிட்டார்கள். எதிரியின் சதிவேலையாக இருக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருக்கையில், மாமா கேப்டனிடம் போய் நான்தான் திறந்தேன் என்று சொல்லிவிட்டார். பதினான்கு நாள் காவல்.

“சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே மாமா?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியுமே புள்ள” என்றார்.

டார்பிடோவைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும் பதில் சின்னதாக வரும். “ஒரு தடவ விட்டோம். ஒண்ணும் மூழ்கல.” கேட்டவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். டார்பிடோ படகில் இருந்தவரிடம் குளியல்தொட்டியைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டோம் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே விசித்திரமாக இருக்கிறது.

ஒருநாள் பிற்பகல் இரண்டே முக்கால் மணி வாக்கில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தனியாக வந்தார். துறைமுகத்தில் நின்றிருந்த உல்லாசக் கப்பலில் வந்தவர். கையில் எங்கள் துண்டுப் பிரசுரம். டிக்கெட் வாங்கவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, அதிலிருந்த எண்ணைக் காட்டி, “இது உண்மையா?” என்று கேட்டார்.

முதலாளி பாய்ந்து வந்தார். உண்மையேதான் என்றார். அந்த அம்மாள் பலகையைப் படித்தார். ‘மூழ்கடித்த எதிரிக் கப்பல்கள்: 3’. அப்படியே படகின் படிக்கட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

“மூன்றா?” என்றார். “ஒன்றையே அவரால் தாங்க முடியவில்லையே.”

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். படகின் முன்தளத்தில் பதினோரு பேர். நடுவில் தொப்பி போட்ட ஓர் இளைஞர். அவர்தான் இந்த அம்மாளின் அப்பா. குடிகாரியின் கேப்டன்.

அந்த அம்மாள் சொன்னது இதுதான். அப்பா உயிரோடு இருக்கிறார், முதியோர் இல்லத்தில். போரில் ஒரு விடியற்காலை, கொட்டும் மழையில், ஓர் ஆற்று முகத்துவாரத்தில் நின்ற கப்பல்மேல் டார்பிடோ விட்டார். பெரிய வெடி. கரையிலிருந்து சுட்டதால் நின்று பார்க்காமல் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, அந்தக் கரையில் எதிரிகள் கப்பலில்தான் கூலியாட்களை அடைத்துக் கொண்டுபோகிறார்கள் என்று யாரோ பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கில், கீழ்த்தளத்தில் பூட்டி வைத்து. அன்றிலிருந்து இன்றுவரை அவர் முழுதாக ஓர் இரவு தூங்கியதில்லை. மழை பெய்தால் எழுந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுவார்.

“அந்தக் கப்பலில் யார் இருந்தார்கள் என்று தெரிந்த ஒருவராவது இருப்பார்களா என்றுதான் வந்தேன்” என்றார் அந்த அம்மாள்.

முதலாளி மாமாவின் காதருகே குனிந்தார். “அங்கிள், ஏதாச்சும் நல்லதா சொல்லுங்க லா. ராணுவச் சாமான் மட்டுந்தான் இருந்துச்சு, ஆளே இல்லன்னு சொல்லுங்க. பாவம் லா அவங்க.”

மாமா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்தை வாங்கி, ஓரத்தில் பாதி முகம் மறைந்து நின்ற ஒரு மெலிந்த ஆளைத் தொட்டு, “இது நான்” என்றார். பிறகு பலகையைக் காட்டி, “இது பொய். இந்தப் படகும் பொய். இது முட்டைக்கோஸ் படகுன்னு அந்தம்மாகிட்ட மொதல்ல சொல்லு புள்ள” என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். முதலாளி முகத்தை மூடிக்கொண்டார்.

“டார்பிடோ விட்டப்போ நான் கீழ இருந்தேன். கப்பல நான் பாக்கல. அதனால அன்னிக்கு நடந்தத நான் சொல்லமாட்டேன். போர் முடிஞ்சு மூணாம் மாசம் அதே ஆத்துக்குப் போனோம். அத நான் பாத்தேன். அந்தக் கப்பல் அங்கதான் நின்னுச்சு.”

“நின்றதா?” என்று நான் தமிழிலேயே கேட்டேன்.

“தரையில நின்னுச்சு. அது போர் ஆரம்பத்துலயே மூழ்கிப்போன கப்பல் புள்ள. அடி மண்ணுல ஒக்காந்திருச்சு, மேல் பாதி வெளிய. மீன் பிடிக்கிறவங்க சொன்னாங்க, மாசத்துக்கு ஒருத்தர் வந்து அத மூழ்கடிச்சிட்டுப் போறாங்கன்னு. ஏரோப்ளேன்லயும் வந்தாங்களாம். எங்க டார்பிடோ அதுக்குக் கொஞ்சம் தள்ளி மணல் திட்டுல போய்ப் பூந்து வெடிச்சிருந்துச்சு. குழி இருந்துச்சு. குழியில நண்டு இருந்துச்சு.”

“இத ஏன் கேப்டனுக்குச் சொல்லல?” என்றேன்.

“அவரு காய்ச்சல்னு முன்னாடியே ஊருக்குப் போயிட்டாரு. அவரு மனசுல இது இருக்குன்னு ஒரு ஸ்டோக்கருக்கு யாரு சொல்லுவா? எல்லாரையும் போல அவரும் இத மறந்திருப்பாருன்னு நெனச்சேன்.”

நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்தார். ஸ்காட்லாந்தில் அப்போது காலை எட்டு மணி. இல்லத்தில் யாரோ எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, முதியவர் கையில் கொடுத்தார்கள். மகள் இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தொலைபேசியை மாமாவிடம் நீட்டினார்.

மாமாவுக்கு ஆங்கிலம் என்றால் எஞ்சின் அறை ஆங்கிலம்தான். அவர் எழுந்து நின்றார். காட்சியகத்தில் இருந்த நாலைந்து பேர் சுற்றி நின்றோம்.

“ஸ்டோக்கர், சார்.”

அந்தப் பக்கமிருந்து கிழட்டுக் குரலில், “எந்த ஸ்டோக்கர்?”

“அடைப்பானத் தொறந்த ஸ்டோக்கர், சார்” என்றார், அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

அந்தக் குரல், “சொல்” என்றது.

“ஷிப் ஆல்ரெடி டெட், சார். பிஃபோர் அஸ். நோ மேன் இன்சைட். ட்ரீ இன்சைட்.”

“மரமா?”

“எஸ் சார். மரம் முளைச்சிருந்துச்சு.”

“எவ்வளவு பெரிய மரம்?”

முதலாளி இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, பெரியது என்று சொல்லச் சொல்லி ஜாடை காட்டினார். மாமா கண்ணை மூடி யோசித்தார். கையை மெதுவாக இடுப்புக்கருகில் வைத்தார். கொஞ்சம் உயர்த்தினார். மறுபடி கொஞ்சம் தாழ்த்தினார்.

“நெஞ்சுக்குக் கீழ, சார். அலையாத்தி. ரெண்டு மரம். ஒண்ணுல பறவைக் கூடு. கூடு காலி.”

அந்தப் பக்கம் முணுமுணுப்பு. கிழவர் கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. நெஞ்சுயர மரம் வளர எத்தனை வருடம், தாம் டார்பிடோ விட்டு எத்தனை மாதம். பிறகு சட்டென்று குரல் உயர்ந்தது. கோபம்.

“அப்படியானால் எனக்குப் பதக்கம் கொடுத்தது ஒரு மரத்துக்காகவா?”

“நோ சார். மரத்துல படல. மணல்ல பட்டுச்சு” என்றார் மாமா.

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. இருமலா, அழுகையா, சிரிப்பா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. இல்லத்துப் பணிப்பெண் பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்பதும், கிழவர் அவரை விலகச் சொல்வதும் கேட்டது. பிறகு மகளைக் கூப்பிட்டார். மகள் தொலைபேசியை வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதை மகள் பிறகு எங்களுக்குச் சொன்னார்.

“எனக்கு ஆறுதல் சொல்ல எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னார்கள், ஒன்றையும் நான் நம்பியதில்லை. இந்த ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே பொய் சொல்லாதவன். என்னைக் காப்பாற்றவா சொல்லப்போகிறான்?”

அந்த அம்மாள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மாமாவுக்குக் கூச்சம். “கப்பல் எத்தனை மணிக்கு எடுக்குறாங்கன்னு கேளு புள்ள, வுட்டுட்டுப் போயிடப்போறான்” என்றார். நான் என் கைத்தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து, அவரைத் துறைமுகத்துக்கு டாக்சி ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் முதலாளி ஏணியில் ஏறிப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. “தூசி லா” என்றார்.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் என்னை அழைத்தார். கப்பலைப் பாதியில் விட்டு, விமானத்தில் ஊர் திரும்பியிருந்தார். நான் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் நான்காவது மாடி நடையில் கைலியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

தொலைபேசியில் பேசிய அன்று கேப்டன் இரவு ஒன்பது மணிக்குப் படுத்தாராம். மழை பெய்திருக்கிறது. மறுநாள் காலை, வழக்கமாக நான்கு மணிக்கே எழுந்து உட்காரும் மனிதர் எழவில்லை. எட்டு மணிக்கும் எழவில்லை. பத்து மணிக்குப் பணிப்பெண் வந்து உலுக்கிப் பார்த்தார். கண் திறக்கவில்லை. இல்லத்தில் ஒரே கலவரம். மகளுக்குத் தகவல் சொல்ல ஆள் தேடினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. ஊசி குத்த நரம்பு தேடினார்கள், மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் அவர் கண் விழித்து, என் சப்பாத்து எங்கே, என்னை எங்கே தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று எல்லாரையும் திட்டியிருக்கிறார். வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

மாமா பிழிந்த கைலியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஆம்புலன்ஸ்காரன் எதாச்சும் எழுதிக் கொடுத்திருக்கணுமே. சும்மாத் திருப்பமாட்டானுங்க.”

கொடுத்திருந்தான். அதையும் அந்த அம்மாள் எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டியிருந்தார். தாளில் நோயாளியின் பெயர், வயது, நேரம் எல்லாம் இருந்தன. நோய் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்.

“என்னான்னு?”

“தூக்கம்னு.”

மாமா கைலியை உதறிக் கொடியில் போட்டார்.

“சரியாத்தான் எழுதியிருக்கான்” என்றார்.